கதை இழுவை என்று எழுதினேன், வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது

கொங்குப் பகுதியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 34. பனியன் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை, இரண்டு பிள்ளைகள். வேலையும் சமையலும் முடிந்து எல்லோரும் தூங்கிய பிறகு போனில் நாவல் படிப்பதுதான் அவருடைய நேரம். மூன்று வருடத்துக்கு முன்பு செயலி ஒன்றில் தொடராக வந்த ஒரு மாயக் காதல் கதையில் விழுந்துவிட்டார். கோயில் விளக்கேற்றும் பெண்ணுக்கும் யாளி உருவெடுக்கும் இளவரசனுக்கும் காதல். முதல் பாகத்தின் கடைசி அத்தியாயத்தில் சாபத்தால் இளவரசன் கல்லாகிவிடுகிறான். ‘யூடி எப்போ’ (அடுத்த பதிவு, அதாவது அப்டேட், எப்போது) என்று கேட்டுக் கேட்டு, பதினான்கு மாதம் காத்திருந்து, இரண்டாம் பாகம் நேரடியாகப் புத்தகமாக வந்தபோது முன்பதிவு செய்து வாங்கியிருக்கிறார்.

படித்தவருக்குப் பெரிய ஏமாற்றம். மொத்தம் 48 அத்தியாயம். நாயகன் கல்லாகவே இருக்கிறான், நாயகி ஊர் ஊராகப் போகிறாள். முகநூலில் நாவல் வாசகர் குழு ஒன்றில் நீளமாக விமர்சனம் எழுதி, ஆதாரத்துக்கு என்று 14 பக்கங்களைப் படம் பிடித்துப் போட்டிருக்கிறார். ஒரு வாரத்தில் எழுத்தாளர் தரப்பிலிருந்து நோட்டீஸ்: பதிவை நீக்க வேண்டும், 15 நாளில் பகிரங்க மன்னிப்புக் கேட்க வேண்டும், பத்து லட்சம் நஷ்டஈடு தர வேண்டும், இல்லாவிட்டால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்துக் கைது செய்ய வைப்போம். இதற்கிடையில் அந்த எழுத்தாளரின் ரசிகர்கள் சிலர் இவருடைய பக்கத்துக்கே வந்து வசை பாடியிருக்கிறார்கள். ஒருவர் இவர் பிள்ளைகளோடு இருக்கும் படத்தை எடுத்துக் குழுவில் போட்டிருக்கிறார். நடுராத்திரியில் ஆபாசக் குறுஞ்செய்திகளும் வந்திருக்கின்றன. ‘எல்லாத்தையும் அழிச்சுட்டு நாவல் படிக்கிறதையே விடு’ என்கிறாராம் கணவர்.

அன்புள்ள சகோதரி,

கைது என்ற சொல்லைப் பார்த்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அவதூறு, போலீஸ் நேரடியாக வழக்குப் பதிந்து கைது செய்கிற குற்றம் அல்ல. பாதிக்கப்பட்டதாகச் சொல்பவர்தான் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் தனியாக முறையீடு செய்ய வேண்டும். ஜாமீனில் விடக்கூடிய குற்றம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, இப்படிப்பட்ட முறையீட்டை மாஜிஸ்திரேட் வழக்காக எடுத்துக்கொள்வதற்கு முன்பே உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். வக்கீல் நோட்டீஸ் என்பது நீதிமன்ற உத்தரவு அல்ல, எதிர்த்தரப்பு எழுதும் கடிதம். பத்து லட்சம் என்று எழுதுவது சுலபம். அதைக் கேட்டு சிவில் வழக்குப் போட்டால் தொகைக்கு ஏற்ப நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும், அவ்வளவு நஷ்டம் நேர்ந்தது என்று நிரூபிக்கவும் வேண்டும்.

அதற்காக நோட்டீஸைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் விமர்சனத்தை முழுக்கப் படித்தேன். அதில் பெரும்பகுதி உங்கள் உரிமை. ஆனால் மூன்று நான்கு வரிகள் உங்களுக்கு ஆபத்து. எது எது என்று பிரித்துப் பார்ப்பதற்காக அந்த இரண்டாம் பாகத்தையும் வாங்கிப் படித்தேன்.

கதையைப் பற்றிச் சொன்னவை

‘முதல் பாகத்தில் நாலு எபியில் (அத்தியாயத்தில்) நடந்தது இங்கே நாற்பது எபிக்கு இழுக்கிறது. இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்வதற்குள் எனக்கு நரைத்துவிடும் போலிருக்கிறது. ஆறு ஓடுகிறது, மேகம் ஓடுகிறது, கதைதான் ஓடவில்லை.’ இதுதான் எழுத்தாளரை அதிகம் காயப்படுத்தியது என்று நோட்டீஸைப் பார்த்தால் தெரிகிறது. இந்த வரிகளைத் தடித்த எழுத்தில் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். ஆனால் சட்டப்படி இவைதான் உங்களுடைய மிகப் பாதுகாப்பான வரிகள்.

பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 356ஆம் பிரிவு அவதூறு என்றால் என்ன என்று சொல்லிவிட்டு, எவையெல்லாம் அவதூறு ஆகாது என்று பத்து விதிவிலக்குகளையும் தருகிறது. ஆறாவது விதிவிலக்கு உங்களைப் போன்ற வாசகர்களுக்காகவே எழுதியது போல இருக்கும். பொதுமக்களின் தீர்ப்புக்கு முன்வைக்கப்பட்ட ஒரு படைப்பின் தரத்தைப் பற்றி நல்லெண்ணத்தோடு கருத்துச் சொல்வது அவதூறு அல்ல. ஒருவர் புத்தகம் வெளியிட்டால் அதைப் பொதுமக்களின் தீர்ப்புக்கு முன்வைக்கிறார் என்றே பொருள். இது 1860ஆம் ஆண்டின் பழைய தண்டனைச் சட்டத்திலிருந்து அப்படியே புதிய சட்டத்துக்கும் வந்திருக்கிறது. மெதுவாகப் போகிறது, அலுப்பாக இருக்கிறது, காசு தண்டம், முதல் பாகத்தின் கால் தூசுக்கு வராது - எல்லாம் சொல்லலாம். கிண்டலாகவும் சொல்லலாம்.

உங்கள் ரசிப்போடு நான் முழுக்க உடன்படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாயகி ஒவ்வொரு இரவும் அந்தக் கற்சிலைக்கு எண்ணெய்க்காப்புச் சாத்திவிட்டு, அன்று நடந்ததையெல்லாம் அதனிடம் சொல்கிற அத்தியாயங்கள் எனக்கு மிகவும் பிடித்திருந்தன. முதல் பாகத்தில் ‘சேருவார்களா’ என்ற கேள்வியே கதையை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அந்தக் கேள்விக்கு விடை கிடைத்த பிறகு இரண்டாம் பாகம் எழுதுகிறவருக்கு வேலை கடினம். காத்திருப்பதையே கதையாக்க இந்த எழுத்தாளர் துணிந்திருக்கிறார். நடுவில் வரும் மலைப்பயணம் எனக்கும் அலுத்தது, சத்திரம் மாற்றிச் சத்திரம், அதே பேச்சு. என் ரசனை இப்படி, உங்கள் ரசனை அப்படி. இதில் யார் சரி என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லாது. அதனால்தான் இந்த வரிகளில் ஒன்றைக்கூட நீங்கள் நீக்க வேண்டியதில்லை.

படிக்காமல் எழுதிய வரி

ஆனால் விதிவிலக்கில் ‘நல்லெண்ணத்தோடு’ என்று ஒரு நிபந்தனை இருக்கிறதே, அதில்தான் உங்களுக்குச் சிக்கல். சட்டத்தில் நல்லெண்ணம் என்றால் மனதில் கெட்ட நோக்கம் இல்லாமல் இருந்தால் போதாது. உரிய கவனத்தோடும் அக்கறையோடும் செய்திருக்க வேண்டும். நீங்கள் எனக்கு எழுதிய கடிதத்தில் 22ஆம் அத்தியாயத்தோடு புத்தகத்தை மூடிவிட்டதாக உண்மையைச் சொல்லியிருக்கிறீர்கள். விமர்சனத்தில் அதைச் சொல்லவில்லை. அதோடு, ‘கடைசி வரை சாபம் தீரவே இல்லை, மூன்றாம் பாகத்துக்குக் காசு பார்க்கத் திட்டம்’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். 41ஆம் அத்தியாயத்தில் சாபம் தீர்கிறது, சகோதரி. அதுவும் அந்த எண்ணெய்க்காப்பினால்தான் தீர்கிறது.

பாதியில் நிறுத்துவது வாசகரின் உரிமை. ‘22ஆம் அத்தியாயத்துக்கு மேல் என்னால் தாக்குப்பிடிக்க முடியவில்லை’ என்று எழுதியிருந்தால் அது நேர்மையான விமர்சனம், யாரும் கேள்வி கேட்க முடியாது. முடிவைப் படிக்காமல் முடிவைப் பற்றித் தப்பாகச் சொன்னது வேறு. அதை நம்பி வாங்காமல் விட்டவர்கள் இருப்பார்கள். இந்த ஒரு வரியை வைத்தே மற்ற எல்லா வரிகளும் கவனமில்லாமல் எழுதப்பட்டவை என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதாடுவார். விதிவிலக்கு தனக்குப் பொருந்தும் என்று காட்ட வேண்டிய பொறுப்பு வழக்கில் உங்கள் மேல்தான் விழும் என்பதையும் மறக்காதீர்கள்.

ஆளைப் பற்றிச் சொன்னவை

‘சொந்த வாழ்க்கையில் புருஷனோடு சேர்ந்து வாழத் தெரியாதவருக்குக் காதல் எழுத எப்படி வரும்?’ என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வருத்தமாக இருந்தது. மற்ற வரிகளைக் கோபத்தில் எழுதினீர்கள் என்று புரிந்துகொள்ள முடிகிறது. இதை ஏன் எழுதினீர்கள் என்று எனக்குப் புரியவில்லை.

அந்த ஆறாவது விதிவிலக்கோடு சட்டமே சில உதாரணங்களைத் தருகிறது. ஒரு நூலைப் பற்றி, ‘இது அசட்டுத்தனமான நூல், எழுதியவர் பலவீனமான ஆளாகத்தான் இருக்க வேண்டும்’ என்று ஒருவர் சொன்னால் அது தப்பில்லை. நூலை வைத்து ஆளை மதிப்பிடுகிறார், நூலுக்குள்ளேயே நிற்கிறார். அதையே திருப்பிப் போட்டு, ‘இந்த நூல் அசட்டுத்தனமாக இருப்பதில் ஆச்சரியமே இல்லை, அந்த ஆள் பலவீனமானவர், ஒழுக்கம் கெட்டவர்’ என்றால் பாதுகாப்பு இல்லை. இங்கே நூலுக்கு வெளியே போய், ஆளைப் பற்றிக் கேள்விப்பட்டதை வைத்துப் பேசுகிறார். உங்கள் வரி இந்த இரண்டாவது உதாரணம் அச்சு அசலாக.

‘அவர் விவாகரத்து ஆனவர் என்பது உண்மைதானே, அவரே ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார்’ என்கிறீர்கள். நிறையப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள், உண்மையைச் சொன்னால் அவதூறு இல்லை என்று. குற்றவியல் சட்டத்தில் உண்மையாக இருப்பது மட்டும் போதாது. அதை வெளியிடுவது பொது நன்மைக்காக இருக்க வேண்டும். ஒரு பெண்ணின் மணமுறிவை அவர் எழுதிய கதையின் வேகத்தோடு முடிச்சுப் போடுவதில் எந்தப் பொது நன்மையும் இல்லை. தவிர, விவாகரத்து ஆனவர் என்பது தகவல், சேர்ந்து வாழத் தெரியாதவர் என்பது உங்கள் பழி. இந்த வரியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அதற்காக மட்டும் வருத்தம் தெரிவித்து இரண்டு வரி எழுதினால் சட்டப்படியும் நல்லது, மனிதத்தன்மையிலும் நல்லது.

அப்புறம் ‘கொரியன் சீரியலின் காப்பி’, ‘ஒரே கதையை இரண்டாக வெட்டி முன்பதிவு என்ற பெயரில் மோசடி செய்துவிட்டார்’ என்ற இரண்டு வரிகள். மோசடி என்பது குற்றச்சாட்டு, அதை நிரூபிக்க உங்களிடம் எதுவும் இல்லை. ‘ஒரே புத்தகத்தில் முடித்திருக்கலாம், இரண்டாக்கியது எனக்கு ஏமாற்றம்’ என்று மாற்றினால் போதும், சொல்ல வந்தது அதுதானே. காப்பி விஷயத்தில், சாபத்தில் கல்லான காதலன் என்ற கருவுக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. கருவுக்கும் கதைக்களத்துக்கும் காப்புரிமை இல்லை, அவற்றை எழுதிய விதத்துக்குத்தான் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1978லேயே ஒரு நாடகம் - சினிமா வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ‘எனக்கு அந்தச் சீரியல் நினைவுக்கு வந்தது’ என்று எழுதுங்கள், தாராளமாக.

நீங்கள் கேட்ட மற்றவை

நீக்கினால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடுமா? ஆகாது. நோட்டீஸுக்குப் பதில் அனுப்பும்போது ‘எங்கள் உரிமைகளுக்குப் பாதகமின்றி’ இன்னின்ன வரிகளைத் திருத்தியிருக்கிறோம் என்று உங்கள் வக்கீல் எழுதுவார். ஆனால் திருத்துவதற்கு முன் முழுப் பதிவையும் தேதி, இணைப்பு முகவரி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் உண்மையில் என்ன எழுதினீர்கள் என்பதற்கு உங்களிடமும் சான்று வேண்டும்.

14 பக்கங்களின் படம்: விமர்சனத்துக்காக ஒரு நூலிலிருந்து எடுத்துக் காட்டலாம் என்று 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவில் அனுமதிக்கிறது. இத்தனை பக்கம் என்று கணக்கு எதுவும் அதில் கிடையாது, சொல்ல வந்ததற்கு அது தேவையா என்றுதான் பார்ப்பார்கள். மெதுவாகப் போகிறது என்று காட்ட ஒன்றிரண்டு பத்தி போதும். தொடர்ச்சியாக ஒரு முழு அத்தியாயம் இலவசமாகக் கிடைக்கும்படி வைத்திருப்பது நியாயமில்லை. எடுத்துவிடுங்கள்.

நுகர்வோர் நீதிமன்றத்தில் பணத்தைத் திரும்பக் கேட்கலாமா? பக்கம் விடுபட்டிருந்தால், அச்சு அழிந்திருந்தால் கேட்கலாம். பிடிக்கவில்லை என்பதற்குக் கேட்க முடியாது.

போலி ஐடியில் எழுதினால் தப்பிக்கலாமா என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். நீதிமன்றம் கேட்டால் நிறுவனங்கள் கணக்கு விவரம் தர வேண்டியிருக்கும். அதைவிட முக்கியம், பெயரை மறைத்து எழுதினால் நல்லெண்ணத்தோடு எழுதினேன் என்று சொல்வது கஷ்டமாகிவிடும்.

உங்களுக்கு நடந்தது

இதை நீங்கள் கடிதத்தின் கடைசியில், ஏதோ விதியே என்று இரண்டு வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு நோட்டீஸைவிட இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. பிள்ளைகள் இருக்கும் படத்தைக் குழுவில் போட்டு ‘இந்தம்மா மூஞ்சியைப் பாருங்க’ என்று எழுதுவதும், இரவு ஒரு மணிக்கு ஆபாசமாகச் செய்தி அனுப்புவதும் எந்த இலக்கிய விவாதத்திலும் சேராது. பெண்ணின் மாண்பை அவமதித்தல், வேண்டாம் என்ற பிறகும் இணையத்தில் பின்தொடர்ந்து தொல்லை செய்தல், மிரட்டல் ஆகியவற்றுக்குப் புதிய தண்டனைச் சட்டத்தில் தனித்தனிப் பிரிவுகள் இருக்கின்றன. ஆபாசத்தை மின்னணு வழியில் அனுப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்திலும் குற்றம். அவதூறு போலக் கோர்ட்டுக்கு நீங்கள் தனியாக அலைய வேண்டியதில்லை. உங்கள் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ தேசிய சைபர் கிரைம் இணையதளத்திலோ புகார் கொடுக்கலாம். அந்த எண்களைத் தடை செய்யுங்கள், ஆனால் செய்திகளை அழிக்காதீர்கள். செய்தி வந்த போனை மாற்றவோ விற்கவோ வேண்டாம். மின்னணுச் சான்றைக் கோர்ட்டில் தாக்கல் செய்யும்போது அதற்கான சான்றிதழ் தேவைப்படும், மூலக் கருவி கையில் இருந்தால் அது எளிது.

ஒரு எச்சரிக்கை. புகாரில் ‘எழுத்தாளர் தூண்டிவிட்டார்’ என்று எழுதாதீர்கள். அதற்கு நீங்கள் அனுப்பிய எதிலும் ஆதாரம் இல்லை. ரசிகர் செய்ததற்கெல்லாம் எழுத்தாளர் பொறுப்பாக மாட்டார். யார் அனுப்பினார்களோ அவர்கள் மேல் மட்டும் புகார் கொடுங்கள்.

உங்களிடம் ஒரு ரசிகை, ‘பிடிக்கலைன்னா புக்கைத் தூக்கிப் போட்டுட்டுப் போகணும், கோர்ட்டே சொல்லியிருக்கு’ என்று எழுதியிருப்பதையும் அனுப்பியிருக்கிறீர்கள். கோர்ட் சொன்னது உண்மைதான். எழுத்தாளர் பெருமாள்முருகனின் நாவலைத் தடை செய்ய வேண்டும் என்று வந்த வழக்கில், 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது அது. பிடிக்காத புத்தகத்தை ஒதுக்கிவிடலாம், எழுதியவரை ஒடுக்கக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். பிடிக்கவில்லை என்று சொல்லவே கூடாது என்று வாசகரின் வாயைக் கட்டுவதற்காகச் சொன்னது அல்ல. நீங்கள் அந்தப் புத்தகத்தைத் தடை செய்யச் சொல்லவில்லையே.

உங்கள் கணவர் பயத்தில் பேசுகிறார், அவர்மேல் கோபப்படாதீர்கள். இந்தப் பதிலை அவரையும் படிக்கச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒதுங்கினால் நியாயமான விமர்சனமும் சேர்ந்து போய்விடும், உங்களுக்குத் தொல்லை கொடுத்தவர்களுக்கு எதிரான சான்றும் போய்விடும்.

15 நாளில் ஏற்கெனவே எத்தனை நாள் போய்விட்டது என்று நீங்கள் எழுதவில்லை. பதில் அனுப்பியே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்றாலும், பேசாமல் இருப்பது இந்த விஷயத்தில் உங்களுக்கு நல்லதல்ல. வக்கீல் வைக்கக் காசில்லை என்கிறீர்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்று 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் சொல்கிறது. உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அதற்கான அலுவலகம் இருக்கும், 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். நோட்டீஸ், அது வந்த தபால் உறை, விமர்சனத்தின் முழு ஸ்கிரீன்ஷாட், தொல்லைச் செய்திகள், புத்தகம் வாங்கிய ரசீது, அந்தப் புத்தகம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். போவதற்கு முன் மிச்சமிருக்கும் 26 அத்தியாயங்களையும் படித்துவிடுங்கள். திருத்திய விமர்சனத்தை எழுதும்போது, முழுவதும் படித்த பிறகும் இழுவைதான் என்று தோன்றினால் அதை அப்படியே எழுதுங்கள்.